மாதேஸ்வர மலைப் பாதயாத்திரை

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காட்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் மலை மகாதேஸ்வரர் கோயிலுக்குக் கால்நடையாகச் செல்லும் மரபு. மைசூரு, மண்டியா, ராமநகரம், பெங்களூரு வட்டாரங்களிலிருந்து சாரைசாரையாக மக்கள் வருவார்கள். மைசூருவிலிருந்து தி. நரசீபுரம், கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி வழியாக ஏறக்குறைய 150 கி.மீ. நடை. மகாசிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் கூட்டம் பெருகும். வழிநெடுக முன்பின் அறியாத ஊர்க்காரர்கள் சோறும் மோரும் கொடுத்து, படுக்கத் திண்ணையும் தருவதுதான் இந்த நடையின் உயிர்.

மாதேஸ்வரர் 14–15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வீரசைவத் துறவி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மக்கள் வாயில் அவர் ‘மாதப்பா’. அவரே ஒரு நெடுவழி நடையர். வடக்கே இருந்து நடந்து வந்தவர், நஞ்சன்கூடு அருகே உள்ள சுத்தூர் மடத்தில் தங்கிக் கேழ்வரகு அரைத்தவர், பின்பு புலிமேல் ஏறி ஏழு மலைகளுக்குள் போனவர் என்கிறது அவரைப் பற்றிய வாய்மொழிக் காவியம். மலைமேல் கோயில் எழுப்பியவராக ஆலம்பாடி ஜுஞ்சே கவுடர் என்ற குருபர் குலச் செல்வரைச் சொல்கிறார்கள். தன் பெயரை ஒரு மாட்டினத்துக்குத் தந்த காவிரிக்கரை ஆலம்பாடிதான் அது.

வழியில் காணும் உபசரிப்புக்கு வேர் இந்தக் காவியத்தில் இருக்கிறது. மாதப்பா ஒவ்வொரு வாசலிலும் பிச்சை கேட்டு நிற்கிறார். கொடுத்தவர் வீட்டில் குறை தீர்கிறது. விரட்டியவர் செல்வம் கரைகிறது. இந்தக் கதையை ‘தேவர குட்டர்’ எனப்படும் பாடகர்கள் ‘கம்சாளே’ என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு இரவு முழுவதும் பாடுவார்கள். தானியம் இரந்து ஊர் ஊராகப் போவார்கள். பி. கே. ராஜசேகர இதைத் தொகுத்து 1973இல் நூலாக்கினார். தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டு வளர்ந்த ஊரில், வாசலில் களைத்து நிற்பவர் யாராகவும் இருக்கலாம் என்ற நினைப்பு இயல்பாகவே ஊறிப்போகும். கொடுப்பவர் அதைத் தன் பெருந்தன்மையாக எண்ணுவதில்லை. வாங்கிக்கொண்டவருக்கே நன்றி சொல்லும் வழக்கம் இங்கு உண்டு. இந்த மரபில் மிக உயர்ந்தது அதுதான் என்பேன்.

தமிழருக்கும் இந்த மலை அயலானதல்ல. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொள்ளேகால் பகுதி கம்பெனி ஆட்சிக்குப் போய், கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகவும், அந்தியூர், பர்கூர்ப் பக்கமிருந்தும் இன்றும் தமிழ்நாட்டு அடியார்கள் வருகிறார்கள். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் காலத்தில் இந்தக் காடு அச்சத்தில் கிடந்தது. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் இறந்தனர்.

கனகபுரம் பக்கமிருந்து வருபவர்களின் பாதை இன்னும் கடினம். அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்தை அடைந்து, ஆற்றில் இறங்கிக் கடந்து, காவிரி வனவிலங்கு சரணாலயத்தின் காட்டுக்குள் நடந்து, ஷாக்யா கிராமத்தில் வெளியேறுவார்கள். சிவராத்திரியும் யுகாதியும் கோடையை ஒட்டி வருவதால்தான் ஆறு வற்றி வழிவிடுகிறது. அதே காரணத்தால் காட்டில் குடிநீர் கிடைக்காது. ஆகவே ‘அரவட்டிகெ’ எனப்படும் தண்ணீர்ப் பந்தல் இங்கே உயிர்காக்கும் ஏற்பாடு. நீர்மோர், பானகம், வெல்லம், சித்ரான்னம் எல்லாம் இலவசம். கடைசிக் கட்டம் தாளபெட்டாவிலிருந்து மலையேற்றம், சுமார் 18 கி.மீ. “உகே மாதப்பா” என்ற கூவல் முன்னும் பின்னும் கேட்டுக்கொண்டே இருக்கும். மலைமேல் ‘தாசோகம்’ என்ற அன்னதானம் காத்திருக்கும்.

அமெரிக்காவில் 1937இல் முழுமைபெற்ற, ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையிலும் நடையர்களுக்கு உணவும் தங்க இடமும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ‘பாதைத் தேவதைகள்’ என்கிறார்கள். அங்கே நடையர் உதவியை எதிர்பாராமல் பெறுகிறார். மாதப்பாவின் வழியில் அது முன்கூட்டியே சமைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

முன்பின் அறியாதவர் தருவதை நம்பி உண்ணும் இந்த வழக்கத்துக்கு ஒருமுறை பெரும் அடி விழுந்தது. 2018 டிசம்பர் 14 அன்று, இதே ஹனூர் வட்டாரத்தில் சுளவாடி மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதம் உண்டு 17 பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அன்னியர் கையால் அச்சமின்றி வாங்கி உண்ணும் பூமியில் நடந்ததால் அந்தக் கொடுமை இரட்டிப்பானது. ஆயினும் அதன்பின் வந்த சிவராத்திரிகளிலும் பந்தல்கள் போடப்பட்டன, மக்கள் வாங்கிக் குடித்தார்கள்.

2013இல் இந்தப் பாதை செல்லும் காட்டின் சுமார் 906 சதுர கி.மீ. பரப்பு மலை மகாதேஸ்வரா வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் புலியும் வாழும் இடம் இது. சோளிகர் என்ற பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழும் இடமும் கூட. விழா முடிந்தபின் பாதையோரம் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பியும் தட்டும் விலங்குகளின் வயிற்றுக்குப் போகின்றன. நடந்து போக நினைப்பவர்கள் ஒரு சொம்பும் ஒரு தட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பந்தல்காரர் அதில் ஊற்றித் தருவார்.