கண்ணாடி முந்தியது, அளவு பிந்தியது

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிறவர்கள் மேலகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் அருவியைத் தேடி ஓடும் வண்டிகள் இந்த ஊரில் நிற்பதில்லை. தமிழ் படித்தவர்கள் நிற்பார்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. அந்த நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்கே பெயர் நிலைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்தது இது.

கவிராயரின் கவிதையைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அவர் காலத்து ஏடுகளைப் படித்த கண்களைப் பற்றி.

அன்று படிப்பு என்றால் பனையோலை. ஒரு ஏடு இரண்டு மூன்று விரல் அகலம்தான் இருக்கும். அதற்குள் எழுத்தாணியால் ஏழெட்டு வரி கீறியிருப்பார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கீறலில் கரியைத் தடவித் துடைத்தால்தான் எழுத்தே கண்ணுக்குப் புலப்படும். நல்ல வெளிச்சத்திலேயே இதைப் படிப்பது எளிதல்ல; அகல்விளக்கில் கேட்கவே வேண்டாம். கண்ணுக்குள் இருக்கிற வில்லை இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது தானாகத் தடித்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியதும் அது விறைக்கத் தொடங்கும். ஓலையைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடிப்பார்கள். ஒரு கட்டத்தில் கையும் போதாமல் போகும். அதன்பிறகு சீடன் படிக்க, ஆசான் கேட்க வேண்டியதுதான். புலமை முதிர்ந்து நிற்கிற வயதில் ஏடு கைவிட்டுப் போவதைவிடக் கொடுமை ஒரு புலவருக்கு வேறென்ன இருக்க முடியும்? நம் ஊர்களில் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் இதைச் சொல்லி, வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்கும் மருந்து உலகத்தில் இருந்தது. இத்தாலியில் 1280-களிலேயே மூக்குக் கண்ணாடி பிறந்துவிட்டது. 1306-இல் ஃப்ளாரன்ஸில் பிரசங்கம் செய்த பிசா நகரத்துத் துறவி ஜியோர்தானோ, இந்தக் கலை தோன்றி இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று வியந்து பேசியிருக்கிறார். விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் போற்றிய வியாசராயர் கண்ணாடி வைத்துப் படித்ததாக, அவர் வரலாற்றைப் பாடும் வியாசயோகி சரிதம் என்ற வடமொழி நூலில் குறிப்பு இருப்பதை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம்.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான கண்ணாடியும் ஒன்று உண்டு. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் படிகக் கல் கிடைக்கும். வல்லம் கல் என்றால் ஒரு காலத்தில் தனி மதிப்பு. அதை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி மூக்குக் கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். படிகம் சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானது, எளிதில் கீறல் விழாது. தொட்டால் சில்லென்று இருக்கும். அதனால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விரும்பி வாங்கினார்கள். அந்தச் சில்லிப்பு, கல் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துவதால் வருவது. பார்வைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த வேலைப்பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கையால் சக்கரம் சுற்றி, இரு பக்கமும் ஒரே வளைவு வருமாறு ஒரு கல்லைத் தேய்த்து எடுப்பது பெரிய திறமை.

குறை தேய்ப்பில் இல்லை, அளவில் இருந்தது. யாருக்கு எந்த வில்லை என்று முடிவு செய்ய ஒரு வழியும் அன்று கிடையாது. விற்பவர் நாலைந்தை எடுத்து நீட்டுவார். ஒவ்வொன்றாக மூக்கில் மாட்டிப் பார்த்து, எதில் எழுத்து தெரிகிறதோ அதை வாங்கிக்கொள்வார்கள். வெள்ளெழுத்துக்கு இந்த முறை ஓரளவு சரிவரும். ஏனென்றால் அது பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் ஒன்றுபோல, வயதை ஒட்டியே வருகிறது. ஒரு கண்ணுக்கு ஒரு பவர், மறு கண்ணுக்கு வேறு பவர் தேவைப்பட்டால்? கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால்? அவர்கள் எதைப் போட்டுப் பார்த்தாலும் மங்கலாகவே தெரியும். கண்ணே இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் மருத்துவரே அல்ல, வானியல் அறிஞர். இங்கிலாந்தின் ஜார்ஜ் ஏரி, தான் படிக்கும்போது இடது கண்ணைப் பயன்படுத்துவதே இல்லை என்பதைக் கவனித்தார். அட்டையில் ஊசித்துளை போட்டு, வெளிச்சப் புள்ளியை அந்தக் கண்ணால் பார்த்தார். புள்ளி கோடாக நீண்டு தெரிந்தது. தூரத்தை மாற்றினால் கோட்டின் திசையும் மாறியது. அளந்து, கணக்கிட்டு, ஒரு பக்கம் உருளைபோல வளைந்த வில்லை ஒன்றை வடிவமைத்து, இப்ஸ்விச் ஊரில் கண்ணாடி செய்பவரிடம் கொடுத்துச் செய்துகொண்டார். ஆண்டு 1825. கண்ணை முதலில் அளந்து, அந்த அளவுக்கு வில்லை செய்வது என்ற வரிசை அங்கேதான் தெளிவாகத் தொடங்குகிறது. இன்று மருந்துச் சீட்டில் 'சிலிண்டர்' என்றும் 'ஆக்ஸிஸ்' என்றும் எழுதித் தருகிறார்களே, அதற்கெல்லாம் மூலம் இதுதான்.

அளக்க ஒரு பொது அளவுகோல் வேண்டுமே! அதைத் தந்தவர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மான் ஸ்னெல்லன், 1862-இல். கண் ஆஸ்பத்திரிச் சுவரில் மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே பொடியாக முடியும் எழுத்து அட்டை அவருடையது. அதில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்துக்கு ஐந்து கட்டத்துக்குள் அடங்கும். ஒரு கோட்டின் தடிப்பு ஒரு கட்டம். ஆறு மீட்டர் தூரத்தில் நின்றால், நல்ல பார்வைக்குரிய வரியின் எழுத்து 8.7 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டால் 6/6. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பெரிய எழுத்து அதைப்போல் பத்து மடங்கு. அது மட்டும்தான் தெரிகிறது என்றால் 6/60. அதாவது, மற்றவர் அறுபது மீட்டரில் பார்ப்பதை இவர் ஆறு மீட்டருக்குக் கிட்டே வந்துதான் பார்க்கிறார். ஆறு மீட்டர் இடமில்லாத சிறிய அறையில் எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டி, மூன்று மீட்டரை ஆறாக்கிக்கொள்வார்கள்.

ஆங்கில எழுத்து தெரியாதவர்களுக்கு 'ஈ' எழுத்தைப் பல திசையில் திருப்பி அச்சிட்ட அட்டை வந்தது. கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். தமிழ் எழுத்தில் அட்டை செய்வது லேசான காரியமில்லை. ட, ப போன்றவை கட்டத்துக்குள் நேர்கோடாக அடங்கும். ஞ, ஷ போன்றவற்றின் சுழிகளும் மடிப்புகளும் அதே கட்டத்துக்குள் நசுங்கிவிடும். ஒரு வரியில் எளிய எழுத்தும் சிக்கலான எழுத்தும் கலந்திருந்தால் அந்த அளவுகோலே பொய்யாகிவிடும். எல்லாம் ஒரே அளவு கடினமாக இருக்கும்படி தமிழ் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, ஒழுங்கான ஓர் அட்டையை நம் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். ஸ்னெல்லனுக்குப் பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து!

சென்னையில் 1819-லேயே கண் மருத்துவமனை தொடங்கியாகிவிட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அது உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. ஆனால் அளக்கும் கலை பொதிகை மலை அடிவாரத்துக்கு வந்து சேர இன்னும் வெகுகாலம் பிடித்தது. மருத்துவர்கள் நகரத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் புரை அறுவை சிகிச்சைக்கே நேரம் போதவில்லை.

புரை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய முறையில் புரை விழுந்த வில்லையை எடுத்துவிடுவார்கள், அதற்குப் பதில் உள்ளே எதுவும் வைக்கமாட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட +10 அளவில் கனமான சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண் முகாமுக்குப் போய்வந்த தாத்தாக்கள் மூக்கில் அதைப் பார்த்திருப்பீர்கள். அதில் எல்லாம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும். படிக்கட்டு பக்கத்தில் வந்து நிற்கும். ஓரத்தில் ஒரு வளையம் முழுக்கக் குருடு. பக்கவாட்டில் வருகிற சைக்கிள் அதற்குள் மறைந்து திடீரென்று முன்னால் முளைக்கும். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு.

லண்டனில் ஹெரால்ட் ரிட்லி, போர் விமானத்தின் மேல்மூடி நொறுங்கி விமானிகளின் கண்ணுக்குள் போன பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் எதிர்க்கவில்லை என்பதைக் கண்டு, அதே பொருளில் வில்லை செய்து 1949 நவம்பரில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். அந்த வில்லைக்கும் அளவு வேண்டும். 1980-இல் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், க்ராஃப் என்ற மூவர் தந்த கணக்கு எளிமையானது. வில்லையின் வகைக்கு ஏற்ப ஓர் எண், உதாரணமாக 118.4. அதிலிருந்து கண்ணின் நீளத்தை 2.5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும், கருவிழியின் பவரை 0.9-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கண் 23.5 மில்லிமீட்டர் நீளம், கருவிழி 44 பவர் என்றால் 118.4-இல் 58.75 போக, 39.6 போக, மிச்சம் ஏறத்தாழ 20. அவருக்கு 20 பவர் வில்லை. நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரை பவர் பிசகிவிடும்.

இந்த வில்லைகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. ஏழைக்கு மறுபடியும் சோடாபுட்டிதான். இந்த இடத்தில்தான் பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் வருகிறார். எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன பிறகு, அதே விரல்களால் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் திருநெல்வேலியிலும் அது வந்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் வில்லையை இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்தார்கள். வல்லத்தில் கல் தேய்த்த தமிழ்நாடு, கண்ணுக்குள் வைக்கும் வில்லையை உலகுக்கு அனுப்பும் நாடாயிற்று.

அந்த வில்லைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய காரியம் இன்னொன்று. அளக்கும் வேலையை மருத்துவரிடமிருந்து எடுத்து, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து அவர்கள் கையில் ஒப்படைத்தது. கண்ணில் ஒளிக்கீற்றை வீசி, அது கண்பாப்பாவுக்குள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே பவரைக் கண்டுபிடிக்கும் முறை 1873-இல் குய்ஞே என்ற பிரெஞ்சு மருத்துவர் தொடங்கிவைத்தது. பேசத் தெரியாத குழந்தைக்கும் அது பொருந்தும். அதை இந்தப் பெண்கள் நாளெல்லாம் செய்கிறார்கள். பிறகு வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகுவார்கள்.

"ஆச்சி, இப்ப பாருங்க. முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியிது தாயி. நான் சரியாச் சொல்லலையோ?"

சரியாகத்தான் சொன்னார். ஜாக்ஸன் என்ற அமெரிக்கர் புகுத்திய இந்தக் குறுக்குச் சிலிண்டர் சோதனையில், திருப்பித் திருப்பிப் போட்டும் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் அளவு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஆச்சிகள் பயப்படுகிற இடம்தான் பரிசோதகர் தேடிக்கொண்டிருந்த இடம்.

2004 முதல் சிற்றூர்களில் அரவிந்தின் பார்வை மையங்கள் வந்தன. பயிற்சி பெற்ற பெண் அங்கே அளந்து பார்ப்பார், மருத்துவர் நகரத்திலிருந்து வீடியோவில் பேசுவார்.

தென்காசி வட்டாரத்துக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. இங்கே எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாற்பதைத் தாண்டியதும் இலையின் ஓரமும் நூலும் மங்கினால் கை தடுமாறும், அன்றைய கூலி குறையும். கண்ணாடி போட்டால் கூலி கூடுமா? அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனை இதற்குப் பதில் சொன்னது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகம் பறித்தார்கள். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2018-இல் அது வெளிவந்தது. எளிய கண்ணாடிதான், அதற்கு இவ்வளவு விளைச்சல்.

ஆனால் அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். புத்தகம் படிக்கிறவருக்கு நாற்பது சென்டிமீட்டர் தூரம் வைத்துக் கொடுக்கும் பவர், மடியில் தட்டை வைத்துக் குனிந்து சுற்றுகிறவருக்குச் சரிப்படாது. அவர் கைக்கும் கண்ணுக்கும் இடையே ஐம்பது சென்டிமீட்டர் இருந்தால் அரை பவர் குறைக்க வேண்டும். விவரமுள்ள பரிசோதகர் கையில் சிற்றெழுத்து அட்டையைக் கொடுப்பதற்கு முன், "அக்கா, வீட்டுல எப்படி உக்காந்து சுத்துவீங்க, அப்படியே உக்காந்து காட்டுங்க" என்பார். அதன் பிறகுதான் நாடாவை நீட்டித் தூரத்தை அளப்பார்.

(தொடரும்)