முதுகைக் காட்டியபடி ஓர் ஆற்றுப் பயணம்

பி.காம். படிக்கிறவனுக்கு அமெரிக்க மலையாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பரீட்சை நெருங்கும்போதுதான் பாடத்தில் இல்லாத விஷயங்கள் எல்லாம் சுவையாகத் தெரிகின்றன!

1869 மே 24. வயோமிங் பகுதியில் கிரீன் ஆற்றங்கரையில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 4 படகுகளைத் தண்ணீரில் இறக்கினார்கள். மொத்தம் 10 பேர். தலைவர் ஜான் வெஸ்லி பவல், நிலவியல் பேராசிரியர். 1862இல் உள்நாட்டுப் போரில் வலது முன்கையை இழந்தவர். கிரீன் ஆறு கொலராடோ ஆற்றில் கலக்கிறது. கொலராடோ கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்கிறது. அன்றைய வரைபடத்தில் அந்தப் பகுதி பெரும்பாலும் வெற்றிடம். அதை நிரப்பத்தான் இந்தப் பயணம். 10 மாதத்துக்கு உணவு ஏற்றியிருந்தார்கள்.

படகுகள் சிகாகோவில் செய்தவை. அமைதியான தண்ணீரில் நேராக ஓட ஏற்றவை, கனமானவை, சட்டென்று திரும்பாதவை. எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. துடுப்பு வலிப்பவர்கள் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் அது சரிதான், இழுக்க வலு கிடைக்கும். பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆற்றில்? எதில் மோதப்போகிறோம் என்பதே தெரியாது! முன்னால் போகும் படகிலிருந்து பவல் கொடி அசைத்துச் சைகை காட்டுவார். ஜூன் மாதம் லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு நேரத்துக்குக் கரை ஒதுங்கவில்லை. பாறையில் மோதி உடைந்தது. அதிலிருந்த 3 பேரும் பிழைத்தார்கள், உணவில் ஒரு பகுதி போய்விட்டது.

அதன்பிறகு பல இடங்களில் படகைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார்கள், அல்லது கரையோரம் தூக்கிச் சுமந்தார்கள். இருந்த மாவும் பூசணம் பிடித்தது. ஒருவர் ஜூலையிலேயே விலகிவிட்டார். ஆகஸ்ட் 28 அன்று இன்னொரு பயங்கர நீர்ச்சுழிப்பைப் பார்த்த 3 பேர், இனி ஆறு வேண்டாம் என்று மலையேறிப் போனார்கள். அவர்கள் கொல்லப்பட்டார்கள், யார் கொன்றது என்பது இன்றும் விவாதம். ஆற்றிலேயே தொடர்ந்த 6 பேரும் இரண்டே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, பத்திரமாக வெளியே வந்தார்கள். இரண்டே நாள்! இதைப் படித்தபோது எனக்கு என்னமோ செய்தது.

கதை இங்கே முடியவில்லை. 1890களில் யூட்டாவைச் சேர்ந்த நதானியல் கேலோவே என்பவர் வந்தார். பேராசிரியர் அல்ல, கண்ணி வைத்து விலங்கு பிடித்துப் பிழைத்தவர். அடி தட்டையான இலேசான படகு செய்தார். அதன் பின்பக்கம் முன்னால் போகும்படி திருப்பி, ஆறு ஓடும் திசையைப் பார்த்து உட்கார்ந்தார். துடுப்பை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்தார். வேகம் குறைந்தது, பாறை கண்ணுக்குத் தெரிந்தது, ஒதுங்க நேரமும் கிடைத்தது. 1896-97இல் அதே பள்ளத்தாக்குகளைக் கடந்து போனார். கிராண்ட் கேன்யனில் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் இன்றும் முன்னால் பார்த்துத்தான் உட்காருகிறார்கள்.

திரும்பி உட்கார்ந்திருந்தால் அந்த 3 பேர் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் உட்காரும் திசையை மாற்றியதும் ஆபத்தைக் குறைத்தது. பவல் பெயரில் இன்று ஒரு பெரிய நீர்த்தேக்கமே இருக்கிறது. கேலோவேயின் பெயர் படகோட்டிகளுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் இதை எழுதினேன். சரி, இனி நான் காஸ்ட் அக்கவுண்டிங் பக்கம் திரும்பி உட்கார வேண்டும்!