அட்டை தந்த மருந்து

மேகமலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிடுங்கி எறிந்த பிறகும் கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுக்குப் பின்னால் ஒரு வைத்திய வரலாறு இருக்கிறது.

அட்டை விடுவது நம் நாட்டு வைத்தியத்தில் பழைய முறை. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன் பெயர் 'ஸாங்ஸ்யூ', அதாவது ரத்தம் உறிஞ்சி. பாரிஸில் ப்ரூஸே என்ற டாக்டர் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் அட்டை விட்டார். 1833இல் மட்டும் பிரான்ஸ் நான்கு கோடிக்கு மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. பிறகு அந்த மோகம் தணிந்தது.

1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர், ரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று அட்டையிடம் இருப்பதைக் கண்டார். பின்னாளில் அதற்கு 'ஹிருடின்' என்று பெயர் வந்தது. 1916இல் அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் தொடங்கிவைத்த ஆய்விலிருந்து, நாயின் ஈரலில் ஹெப்பாரின் கிடைத்தது. கிரேக்க மொழியில் ஈரலுக்கு 'ஹெபார்' என்று பெயர். அட்டையை மறந்து உலகம் ஹெப்பாரினைப் பிடித்துக்கொண்டது.

துண்டான விரலை ஒட்டும்போது, சுமார் 1 மி.மீ. குறுக்களவுள்ள ரத்தக் குழாய்களை நுண்ணோக்கி வழியே பார்த்துத் தைக்கிறார்கள். தைத்த இடத்தில் ரத்தம் கட்டினால் விரல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஹெப்பாரின். ஆனால் சிலருக்கு அந்த மருந்தே தட்டணுக்களைக் குறைத்து, ரத்தக்கட்டையும் உண்டாக்கிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! அவர்களுக்குக் குழாயைக் கழுவும் உப்புநீரில்கூட அதைக் கலக்கக் கூடாது.

இங்கேதான் அட்டை திரும்பி வந்தது. ஹிருடினை முன்மாதிரியாக வைத்துச் செய்த பைவலிருடின், ஆய்வகத்தில் உருவான அர்காட்ரோபன் ஆகிய இரண்டும் ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை நேராகவே மடக்குகின்றன. அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இவற்றைத்தான் நரம்பூசி வழியே செலுத்துகிறார்கள்.

அட்டையும் நேரடியாகவே வந்தது. 1985இல் பாஸ்டனில் நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை டாக்டர் ஜோசப் அப்டன் ஒட்டினார். ரத்தம் உள்ளே போயிற்று. வெளியேற வழியில்லாமல் காது கறுத்தது. வேல்ஸ் நாட்டிலிருந்து அட்டைகளை வரவழைத்துக் கடிக்கவிட்டார். காது பிழைத்தது. 2004இல் அமெரிக்க அரசே இதற்கு அனுமதி கொடுத்தது. இவை மருத்துவத்துக்கென்றே வளர்க்கும் நீரட்டைகள். நம் மலை அட்டையை எடுத்துச் சோதிக்க வேண்டாம்.

மில்லிலும் கரும்பு ஆலையிலும் விரல் போகிற ஊர் நம்முடையது. துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் ஐஸில் நேரடியாகப் படக் கூடாது. கோவை கங்கா மருத்துவமனை இந்த வேலையில் பெயர் பெற்றது. முன்பு ஹெப்பாரின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.