ஸ்பானிய உள்நாட்டுப் போரும் ஒளிப்படக் கலைஞர்களும்

ஸ்பெயின் நாட்டில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர், ஒளிப்படக் கலையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். போரில் சிக்கிய ஒரு நாட்டுக்கு ஆதரவு தேட, உள்நாட்டுக் கலைஞர்களும் வெளிநாட்டுக் கலைஞர்களும் காமிராவையும் கத்தரிக்கோலையும் ஒருங்கே பயன்படுத்தினர். செய்திப்படம், சுவரொட்டி, ஒட்டுப்படம், சுவரளவுப் பெரும்படம் எனப் பல வடிவங்களில் அவர்களது படைப்புகள் வெளிவந்தன. ஒளிப்படம் உண்மையைச் சொல்ல வேண்டுமா, உணர்வைத் தூண்ட வேண்டுமா என்ற கேள்வியும் இப்போரில் கூர்மையாக எழுந்தது.

பின்னணி

1936 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் இடதுசாரிக் கட்சிகளின் மக்கள் முன்னணி வென்று ஆட்சி அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 17, 18 நாட்களில் இராணுவத்தின் ஒரு பகுதி கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியாளர்களின் தலைவராக விரைவில் பிராங்கோ உயர்ந்தார். ஜெர்மனியும் இத்தாலியும் அவருக்கு விமானங்களையும் படைகளையும் அனுப்பின. சோவியத் ஒன்றியம் குடியரசுக்கு ஆயுதம் வழங்கியது. பிரிட்டனும் பிரான்சும் தலையிடாக் கொள்கையை மேற்கொண்டன. ஆகவே அந்நாட்டு மக்களின் மனத்தைத் தொட்டு, அவர்கள் வழியே அரசுகளை அசைக்க வேண்டிய நிலை குடியரசுக்கு ஏற்பட்டது.

அதற்கான கருவிகள் அப்போதுதான் கைக்கு வந்திருந்தன. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறிய காமிராக்களால் ஓடிக்கொண்டே படம் எடுக்க முடிந்தது. பாரிஸில் ‘வூ’, அமெரிக்காவில் ‘லைஃப்’ போன்ற படப் பத்திரிகைகள் அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

கத்தரிக்கோலும் காமிராவும்

வெவ்வேறு படங்களை வெட்டி ஒட்டிப் புதிய பொருள் தரும் ஒரே படமாக்குவது ஒட்டுப்படம் அல்லது போட்டோமான்டாஜ் எனப்படும். இக்கலையில் புகழ்பெற்றவர் ஜெர்மனியரான ஜான் ஹார்ட்ஃபீல்ட். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-இல் பிராகாவுக்குத் தப்பிச் சென்ற அவர், அங்கிருந்தே ஸ்பெயினுக்காகப் பல ஒட்டுப்படங்களை உருவாக்கினார். மாட்ரிட் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, படைத்தலைவர்களின் கோலத்தில் பிணந்தின்னிக் கழுகுகளை நிறுத்தி அவர் செய்த படம் பெயர்பெற்றது.

ஸ்பெயினிலும் இக்கலை செழித்தது. கத்தலான் கலைஞர் பெரே கத்தலா ஈ பிக் 1936-இல் உருவாக்கிய சுவரொட்டியில், உழைப்பாளிகள் அணியும் கயிற்றுச் செருப்புக் கால் ஒன்று ஸ்வஸ்திகா சின்னத்தை மிதித்து உடைக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் அதன் பொருள் ஒரே பார்வையில் விளங்கும். ஹங்கேரியில் பிறந்த காட்டி ஹோர்னா, பார்சிலோனா தேவாலயத்தின் கற்படிகள் மீது ஒரு பெண்ணின் முகத்தைப் படியவைத்து, நகரமே துயருறுவதுபோன்ற படத்தை 1938-இல் உருவாக்கினார்.

பாரிஸ் கண்காட்சி, 1937

1937-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசு தன் அரங்கைத் திறந்தது. பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியம் அங்குதான் முதலில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா நகரைக் குண்டுவீசி அழித்ததே அவ்வோவியத்தின் பொருள். அது கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களிலேயே தீட்டப்பட்டதால், பார்ப்பவருக்குச் செய்தித்தாள் படங்களை நினைவூட்டுகிறது. ஓவியம் வளர்ந்த படிநிலைகளை ஒளிப்படங்களாகப் பதிவு செய்தவர் டோரா மார்.

அரங்கின் சுவர்களை நிரப்பிய பெரும் ஒட்டுப்படங்களுக்குப் பொறுப்பேற்றவர் குடியரசின் நுண்கலைத் துறை இயக்குநரான ஜோசப் ரெனாவ். அவற்றுள் ஒன்றில், கனத்த மரபு உடையில் நிற்கும் கிராமப் பெண்ணும் போராளிப் பெண்ணும் அருகருகே காட்டப்பட்டனர். ஸ்பெயின் எதிலிருந்து எதை நோக்கிச் செல்ல விரும்பியது என்பதை அந்த இரு உருவங்களே சொல்லின.

போர்க்களத்தில்

களத்துக்குச் சென்ற வெளிநாட்டவருள் மூவர் முதன்மையானவர்கள்: ஹங்கேரியில் பிறந்த ராபர்ட் காப்பா, ஜெர்மனியில் பிறந்த கெர்டா டாரோ, போலந்தில் பிறந்த டேவிட் சீமோர். மூவரும் யூதர்கள், பாரிஸில் பிழைப்புத் தேடியவர்கள். எனவே ஸ்பெயினின் போரை அவர்கள் தங்கள் போராகவும் கருதினர். 1937 ஜூலையில் புருனெட்டே போரில் பின்வாங்கும்போது ஏற்பட்ட விபத்தில் படுகாயமுற்ற டாரோ, ஜூலை 26 அன்று இறந்தார். பாரிஸில் அவரது இறுதி ஊர்வலம் ஆகஸ்ட் 1 அன்று நடைபெற்றது. அது அவரது 27ஆம் பிறந்தநாள்.

ஆக்கமும் உண்மையும்

ஆதரவு திரட்டும் ஆர்வத்தில் உண்மை எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு மூன்று படங்கள் எடுத்துக்காட்டாகும்.

முதலாவது, காப்பாவின் ‘வீழும் வீரன்’. 1936 செப்டம்பர் 23 அன்று ‘வூ’ இதழில் வெளிவந்த இப்படம், குண்டடிபட்ட கணத்தில் சாயும் வீரனைக் காட்டுவதாக நம்பப்பட்டது. இது செர்ரோ முரியானோவில் எடுக்கப்பட்டது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் பின்னணியிலுள்ள மலைகளை ஒப்பிட்ட ஸ்பானிய ஆய்வாளர் ஹோசே மனுவேல் சுஸ்பெரெகி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எஸ்பெஹோவே அவ்விடம் என 2009-இல் எடுத்துக்காட்டினார். படம் நடித்து எடுக்கப்பட்டதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

இரண்டாவது, சீமோரின் படம். கூட்டத்தின் நடுவே குழந்தைக்குப் பாலூட்டியபடி ஒரு தாய் மேலே நோக்குகிறாள். வானில் குண்டுவீச்சு விமானத்தைத் தேடுகிறாள் என்றே பலர் அதைப் புரிந்துகொண்டனர். உண்மையில் அது போர் தொடங்கும் முன்பே, நிலச் சீர்திருத்தம் பற்றிய பொதுக்கூட்டம் ஒன்றில் எடுக்கப்பட்டது.

மூன்றாவது, குடியரசின் பிரசார அமைச்சகம் வெளியிட்ட சுவரொட்டி. எண் அட்டையுடன் கிடக்கும் இறந்த குழந்தையின் படத்துக்குப் பின்னால் விமானங்கள் அணிவகுக்கின்றன. இதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்து உங்கள் பிள்ளைகளே என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்று அதில் இருந்தது. விமானங்கள் ஒட்டப்பட்டவை என்பது எவருக்கும் தெரியும். குழந்தையின் மரணம் உண்மையானது.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். ஒட்டுப்படம் தான் செய்யப்பட்டது என்பதை மறைப்பதில்லை. அதன் வெட்டுக்கோடுகளே அதற்குச் சாட்சி. நேரடிச் செய்திப்படமோ ‘இது நடந்தது’ என்று உறுதி கூறுகிறது. அந்த உறுதி தவறானால் படத்தின் மீது மட்டுமன்றி, அது ஆதரித்த மக்களின் உண்மையான துன்பத்தின் மீதும் ஐயம் விழுகிறது. ஆதரவுப் படங்கள் காட்டாமல் விட்டவையும் உண்டு. குடியரசுப் பகுதியில் 6,800-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமாரும் துறவியரும் கொல்லப்பட்ட செய்தி அவற்றில் இடம்பெறவில்லை.

விளைவுகள்

50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் பன்னாட்டுப் படையணிகளில் சேர்ந்து குடியரசுக்காகப் போரிட்டனர். குவெர்னிகா அழிவுக்குப்பின் எழுந்த பொதுமக்கள் அழுத்தத்தால், 1937 மே மாதம் ஏறத்தாழ 4,000 பாஸ்க் குழந்தைகளை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. இந்த எழுச்சிக்குப் படங்களும் துணைநின்றன. ஆயினும் தலையிடாக் கொள்கை மாறவில்லை. 1939 ஏப்ரல் 1 அன்று போர் பிராங்கோவின் வெற்றியுடன் முடிந்தது. அவரது ஆட்சி 1975-இல் அவர் இறக்கும்வரை நீடித்தது.

படங்களின் பயணம்

தோல்விக்குப்பின் இதே படங்கள் ஆபத்தாயின. 1939 தொடக்கத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் பிரான்சுக்குள் தஞ்சம் புகுந்தனர். அவர்களில் ஒருவரான ஒளிப்படக் கலைஞர் அகஸ்தி சென்டெல்லெஸ், ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களைப் பெட்டியில் சுமந்து சென்றார். அவை பிராங்கோவின் காவலர் கையில் சிக்கினால், குடியரசின் பக்கம் நின்ற ஒவ்வொரு முகமும் அடையாளம் காணப்படும். ஆகவே 1944-இல் நாடு திரும்பும் முன், கார்கஸோன் நகரில் ஒரு வீட்டில் அவற்றை மறைத்துவைத்தார். பிராங்கோ இறந்த பிறகு, 1976-இல்தான் மீட்டெடுத்தார். காப்பா, டாரோ, சீமோர் ஆகியோரின் ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்களும் மெக்சிகோவில் கண்டெடுக்கப்பட்டு, 2007-இல் நியூயார்க்கின் பன்னாட்டு ஒளிப்பட மையத்தை அடைந்தன.

சென்டெல்லெஸின் தொகுப்பை ஸ்பானிய அரசு 2009-இல் விலைக்கு வாங்கி, சலமாங்காவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. எதிரிகளை அடையாளம் கண்டு தண்டிக்க பிராங்கோ தரப்பு திரட்டிய தாள்களிலிருந்து வளர்ந்த காப்பகம் அது. தண்டிப்பவர் கண்ணில் படாமல் 32 ஆண்டுகள் ஒளிந்திருந்த முகங்களை, இன்று அங்கே பேரன்பேத்திகள் தேடி வந்து பார்க்க முடிகிறது.