எழுதியதை வாசிப்பதா, கூடவும் சேர்ப்பதா?

ஆம்பூரில் எங்க வீட்டு கீபோர்டில் மகள் கிரேடு பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தாளில் இல்லாத சின்ன சுழிப்பைச் சேர்த்தாள். மார்க் போயிடும்னு டீச்சர் சொன்னாராம். "தப்பாப்பா?" என்றாள். நான் சங்கீதம் முறையாகக் கற்றவன் இல்லை. ஆனாலும் தேடிப் பார்த்தேன்.

பீத்தோவனுடைய ஓபஸ் 16, பியானோவும் நான்கு ஊது வாத்தியங்களும் சேர்ந்தது. 1816-ல் அவர் மாணவர் செர்னி அதை வாசித்தபோது சொந்தச் சரக்கையும் சேர்த்தார். பீத்தோவன் மற்றவர்கள் முன்னாலேயே கடிந்துகொண்டார். பிறகு வருந்திக் கடிதம் எழுதினார். ஆனாலும் எழுதியபடி கேட்கவே விரும்பினேன் என்றார். வேடிக்கை என்னன்னா, சில ஆண்டுகள் முன்பு இதே படைப்பைத் தானே வாசித்தபோது, கடைசிப் பகுதியில் ஒரு நிறுத்தத்தில் கற்பனையாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கூட வாசித்தவர்கள் வாத்தியத்தை வாய்க்குத் தூக்குவதும் இறக்குவதுமாகத் தவித்தார்களாம். இன்னொரு மாணவர் ரீஸ் எழுதி வைத்திருக்கிறார்.

நம்ம பக்கம் வருவோம். பீத்தோவன் காலத்தவர்தான் முத்துசுவாமி தீக்ஷிதர் (1775–1835). அவர் கிருதிகள் பெரும்பாலும் குரு வாயிலிருந்து சீடர் காதுக்கு வந்தவை. 1890களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலும் சேர, 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. வெறும் ஸ்வரம் போதாது என்று நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என கமகங்களுக்கும் தனித்தனிக் குறி போட்டார்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியும், இன்று மேடையில் கேட்கும் சில கிருதிகள் அந்தப் புத்தகத்தில் உள்ளபடி இல்லை. எது சரி என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் நம் கச்சேரியில் சுதந்திரத்துக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது: ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம். கிருதி பாடாந்தரப்படி, அதைச் சுற்றி மனோதர்மம். பியானோ கான்செர்ட்டோவின் கடென்ஸாவும் அப்படி ஒதுக்கிய இடம்தான். 1809-ல் எழுதிய ஐந்தாவது கான்செர்ட்டோவில் பீத்தோவன் அதையும் தானே எழுதி அடைத்துவிட்டார்.

எங்க ஊர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவருக்கு பேட்டர்ன் மாறாது. ஆனால் தழும்பைத் தவிர்த்து, தோல் இழுபடும் திசை பார்த்து, அதை எங்கே வைப்பது என்பது அவர் முடிவு.

மகளிடம் சொன்னேன்: "பரீட்சையில எழுதினபடியே வாசி. எவ்வளவு அழுத்தணும், எங்க மூச்சு விடணும்னு தாள் முழுசா சொல்லாது, அது உன் கையில. சுழிப்பையும் மறந்துடாத, வீட்டுல வாசி."