குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் பிரிவைப் பாருங்கள்

சாலைக் குற்றத்திற்காக நீதிமன்றம் செல்வோர், எந்தப் பிரிவின் கீழ் குற்றச்சாட்டு என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு அபாயகரமாக வாகனமோட்டுவது பற்றியது. முதல் முறையே 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. லைசென்சும் குறைந்தது 5 ஆண்டுக்குப் பறிபோகும். லோரி, பஸ் ஓட்டுநருக்கு அது பிழைப்பே போவதாகும். கவனக்குறைவுக்கான 43ஆவது பிரிவில் தண்டனை குறைவு.

அபராதத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்து உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். டேஷ்கேம் பதிவு, சாட்சி, சம்பவ இடப் படங்கள் இருந்தால், குற்றச்சாட்டைக் குறைக்கும்படி வழக்கறிஞர் மூலம் அரசுத் தரப்புக்கு மனு கொடுக்கலாம். மொழி புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வசதி குறைந்த குடிமக்கள், தேசிய சட்ட உதவி அறவாரியத்தில் உதவி கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.