காட்டலாகாப் பொருளும் தமிழ்ச் சொல்லும்

மரம், மலை, மான் என்பன கண்ணாற் காணத்தக்கவை, சுட்டிக் காட்டத்தக்கவை. நாணம், அறிவு, அறம் என்பன அத்தகையன அல்ல. அவற்றை உள்ளத்தால் உணரலாமேயன்றி விரலாற் சுட்ட இயலாது. முன்னவற்றைக் காட்சிப்பொருள் என்றும் பின்னவற்றைக் கருத்துப்பொருள் என்றும் இலக்கணம் கற்போர் பகுத்துரைப்பர். இப்பகுப்பு வகுப்பறைப் பாடமாக மட்டும் நின்றதில்லை. ஓர் இனத்தின் சிந்தனை வளத்தை அளக்கும் கோலாகவும் ஒருகால் கையாளப்பட்டது.

திராவிட மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவையல்ல, தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விரிவாக நிறுவியவர் அறிஞர் இராபர்ட் கால்டுவெல். அவர்தம் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. ஆரியத் தொடர்புக்கு முற்பட்ட திராவிடரின் வாழ்வை அவர்தம் சொற்களைக் கொண்டே அந்நூலில் அவர் உய்த்துணர முயன்றார். அம்மக்களுக்கு அரசரும் அரண்களும் பாடல்களும் விழாக்களும் இருந்தன என ஒப்புக்கொண்டார். ஆயினும் மனத்தின் செயல்களைக் குறிக்கும் சொற்கள் அவர்களிடம் குறைவு என்றார். மனத்தைக் குறிக்க உதரவிதானம், உட்பகுதி என்னும் பொருளுடைய சொற்களே இருந்தன; எண்ணத்திற்குச் சொல் உண்டு, நினைவுக்கும் மனச்சான்றுக்கும் தனிச்சொல் இல்லை என்பது அவர் கூற்று. இதனைக் கொண்டு அவர்தம் அறிவுநிலை வளராதது என முடிவு கட்டினார்.

தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் இம்முடிவு ஆராயத்தக்கது. மனத்தை உதரவிதானத்தின் பெயரால் வழங்கும் வழக்கம் பண்டைக் கிரேக்கரிடமும் இருந்தது. இதனைச் சுட்டியவரும் கால்டுவெல்லே. அக்கிரேக்கரிடமே பின்னர் மெய்யியல் தழைத்தது. ஆன்மாவைக் குறிக்கும் இலத்தீன் சொல் மூச்சினின்றும் பிறந்தது. எனவே கருத்துச்சொல் காட்சிப்பொருளில் வேர்கொள்வது மொழிகளின் பொது இயல்பு. ஓரினத்தின் அறிவுக் குறைபாடு அன்று.

தமிழில் இந்நெறி தெளிவாகப் புலப்படும். கையாற் கொள்ளுதலைக் குறிக்கும் 'கொள்' என்னும் அடியிலிருந்து கொள்கையும் கோட்பாடும் தோன்றின. இடத்தைக் குறிக்கும் 'நடு' நடுவுநிலைமையாயிற்று. கலங்கிய நீர் தெளிவதும் ஐயம் நீங்கி அறிவு தெளிவதும் ஒரே சொல்லால் வழங்கின. நெல்லையும் நிலத்தையும் அளப்பதைக் குறித்த அளவை, மெய்ப்பொருளைத் துணியும் தருக்க நெறிக்கும் பெயராயிற்று. மணிமேகலையில் இவ்வாட்சியைக் காணலாம்.

பண்டை இலக்கணிகள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். எழில், சாயல், நாண், மடன், வேட்கை முதலிய சொற்களைத் தொல்காப்பியப் பொருளியல் ஓரிடத்தே தொகுத்துரைக்கிறது. இவை நாட்டு வழக்கால் நெஞ்சு கொள்வனவேயன்றிக் காட்டலாகாப் பொருளன என்பது அதன் கருத்து. இளமை, ஆண்மை, குடிமை போன்ற சொற்கள் மக்களைக் குறித்து வரினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனக் கிளவியாக்கம் விதிக்கிறது. ஆளை வேறாகவும் அவன் பண்பை வேறாகவும் எண்ணிப் பார்த்தவர்க்கே இத்தகைய விதி தோன்றும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலும் குணப்பெயரையும் தொழிற்பெயரையும் பொருட்பெயரினின்றும் பிரித்தது.

கால்டுவெல் கருதிய காலம் தொல்காப்பியத்திற்கும் முந்தியது என மறுப்போர் இருக்கலாம். உண்மையே. ஆயினும் வேர்ச்சொல்லின் பருமைகொண்டு எண்ணத்தின் நுண்மையை அளத்தல் எக்காலத்திற்கும் பொருந்தாது. காட்டலாகாப் பொருளைக் காட்டத் தமிழ்ப் புலவர் கண்ட வழியே அதற்குச் சான்று. பிரிந்தவனை எண்ணி ஆற்றியிருத்தல் என்னும் உணர்வைச் சுட்டிக் காட்ட இயலாது. காட்டையும் கார்காலத்து மாலையையும் காட்டலாம். அவ்வாறு காட்டி இருத்தலை உணர்த்துவதே முல்லைத்திணை.

மாணவர்க்குக் கருத்துச் சொற்களைப் பயிற்றுங்கால் அவற்றின் வேரையும் உடன் காட்டுதல் நன்று. கொள்கை என்பது மனனம் செய்யும் சொல்லாக நில்லாது, மனம் கைக்கொள்ளும் பொருளாக அவர்க்கு விளங்கும். புதிய கருத்துகளுக்குப் புதுச்சொல் வேண்டும்போது அச்சொல்லைப் படைக்கும் துணிவும் அவ்வேரினின்றே பிறக்கும்.